சிறுகோடும் சீமையும்

மலை உச்சிப் புல்வெளிகளுக்கு நடுவே இருக்கும் சோலைக் காடுகளை மீட்கும் பணியில் ஈடுபட்டிருக்கும் நண்பர் ஒருவர், கோத்தகிரிக்கு அருகே ஒரு சோலையின் விளிம்பில் வைக்கவிருந்த அறிவிப்புப் பலகைக்கென ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பன்னிரண்டு வரிகளை என்னிடம் கொடுத்து, தமிழாக்கித் தரும்படி கேட்டார். பன்னிரண்டு வரிதானே, தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று வாங்கி வந்தேன். மூன்று வாரம் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு வரிகளுக்குள் ஐந்து இடங்களில் ‘நான்-நேட்டிவ்’ என்ற சொல் வந்தது. சோலை மரங்களெல்லாம் நேட்டிவ். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வேட்டில்) பைனும் நான்-நேட்டிவ். ஆங்கிலத்தில் படிக்கும்போது உறுத்தாமல் கடந்துபோகிற இந்தச் சொல், தமிழில் எழுத உட்கார்ந்ததும் தொண்டையில் சிக்கிய முள்ளைப் போல நின்றுகொண்டது.

‘அந்நிய மரங்கள்’ என்று எழுதினேன். அந்நியத் துணிகளைக் குவித்துத் தீ வைத்த காலத்தின் புகை அந்தச் சொல்லில் இன்னும் இருக்கிறது. தீப்பெட்டி எடுத்துக் கொடுப்பதுபோல இருந்ததால் அடித்தேன். ‘அயல் மரங்கள்’ என்றேன். வனத்துறையினரும் பத்திரிகைகளும் பெரும்பாலும் இதைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அயல் என்றால் அடுத்த வீடு. குழம்புக்குப் புளி இல்லையென்றால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போகிற இடம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரத்தை அடுத்த வீட்டுக்காரராக்க மனம் ஒப்பவில்லை. ‘வெளிநாட்டு மரங்கள்’ என்பதும் சரிப்படவில்லை. இந்தியாவுக்குள்ளேயே சமவெளியிலிருந்து ஒரு மரத்தைக் கொண்டுவந்து ஏழாயிரம் அடி உயரத்துப் புல்வெளியில் நட்டாலும் அது இந்த மண்ணுக்குரியது ஆகாது. இதில் நாட்டின் எல்லைக்கு என்ன வேலை? கடைசியில் ‘வெளியிலிருந்து வந்த மரங்கள்’ என்று எழுதிவிட்டு, அதுவும் பிடிக்காமல், தாளை மேசையிலேயே விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் நேட்டிவ் என்ற சொல் நமக்குப் புதிதில்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர் பெயரைக் கேட்பதற்கு முன்பே ‘உங்களுக்கு நேட்டிவ் எங்க?’ என்று கேட்பார். சொந்த ஊர் என்று கேட்பதைவிட அது கொஞ்சம் நாகரிகம் என்று நாம் எப்படியோ முடிவு செய்திருக்கிறோம். இதே சொல்லைத்தான் ஆங்கிலேயர் நம்மைக் குறிக்க இழிவாகப் பயன்படுத்தினார்கள். அன்று நேட்டிவ் என்றால் மட்டம். இன்று சோலை மரத்துக்கு அதுவே பட்டம். சொல் இடம் மாறாமல் இருக்க, அதன் மதிப்பு மட்டும் தலைகீழாகிவிட்டது.

ஆங்கிலத்தின் தையல்

ஆங்கிலத்துக்கு இந்தக் காரியத்தில் ஒரு கைத்திறன் உண்டு. வேற்றிடத்திலிருந்து வந்த ஆளையோ பொருளையோ சொல்ல வேண்டுமானால், இரண்டு சொற்களை எடுத்து நடுவில் ஹைஃபன் என்ற சிறுகோட்டைப் போட்டுத் தைத்து, பெயருக்கு முன்னால் நிறுத்திவிடும். ஃபாரின்-போர்ன், இந்தியன்-ஒரிஜின், நான்-நேட்டிவ். நாற்பது ஆண்டுகளாக வேறொரு நாட்டில் குடிமகனாக இருந்து ஒரு பெரிய நிறுவனத்தின் தலைவரானவரைப் பற்றி நம் ஆங்கில நாளிதழ்கள் எழுதும்போது, இந்தியன்-ஒரிஜின் என்பதுதான் அவருடைய முதல் அடைமொழியாக இருக்கும். அவர் எப்போது போனார், அவர் போனாரா அவருடைய பாட்டனார் போனாரா, தாமாகப் போனாரா, பிடித்து அனுப்பினார்களா என்ற எதையும் அந்தக் கோடு சொல்வதில்லை. சொல்லாமலிருப்பதற்காகவே கண்டுபிடித்ததைப் போல அவ்வளவு வசதியாக இருக்கிறது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில், அங்கே குடியுரிமை பெற்று முதுமை எய்தியவரும் நேற்று வந்திறங்கியவரும் ‘வெளிநாட்டில் பிறந்தவர்’ என்ற ஒரே வரிசையில்தான் வருகிறார்கள்.

அந்தக் கோட்டின் மீது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கே சந்தேகம் இருந்திருக்கிறது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915-இல், முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் நியூயார்க்கில் பேசியபோது, கோடு போட்ட அமெரிக்கர்களுக்கு இந்த நாட்டில் இடமில்லை என்று முழங்கினார். ஜெர்மன்-அமெரிக்கர், ஐரிஷ்-அமெரிக்கர் என்று சொல்லிக்கொள்பவர்களுக்கு இரண்டு நாட்டுப் பற்று இருக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. நூறாண்டு கழித்து, 2019-இல், அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் எழுத்து நடைக் கையேட்டில் ஆசிய அமெரிக்கர், ஆப்பிரிக்க அமெரிக்கர் போன்ற சொற்களின் நடுவே இருந்த கோட்டை எடுத்துவிட்டது. இந்த முறை காரணம் வேறு: கோடு போட்டால் அவர்கள் அரைகுறை அமெரிக்கர்கள் என்று தொனிக்கிறது என்பது. ஒருவர் ஆட்களைத் துரத்துவதற்குக் கோட்டைக் கைகாட்டினார். மற்றவர்கள் ஆட்களைச் சேர்த்துக்கொள்வதற்காகக் கோட்டை அழித்தார்கள்.

நம் மலைக்கும் அப்படி ஒரு கோடு வந்து சேர்ந்ததுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலோ-இந்தியர் என்றால் இந்தியாவில் வாழ்ந்த வெள்ளைக்காரர் என்றே பொருள். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தச் சொல் கலப்பு வழியினரைக் குறிக்க அதிகாரபூர்வமாக மாறியது. ஒரே கோடு, ஒரே இரண்டு சொற்கள். உள்ளே இருந்த ஆட்களை மட்டும் மாற்றிவிட்டார்கள். குன்னூரிலும் கேத்தியிலும் வாழ்ந்த அவர்களைத் தமிழர்கள் சட்டைக்காரர் என்று அழைத்தார்கள். எங்கிருந்து வந்தாய் என்று கேட்காமல், என்ன உடுத்தியிருக்கிறாய் என்று பார்த்து வைத்த பெயர் அது.

சீமை யாருடையது

நம்மிடம் இப்படியொரு முன்னொட்டு இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் சீமை நினைவுக்கு வந்தது. சீமை எண்ணெய், சீமை ஓடு, சீமைப் பசு, சீமை அகத்தி, சீமைப்பலா. கப்பலில் வந்ததென்றால் முன்னால் ஒரு சீமையைச் சேர்த்துவிட்டு நம் முன்னோர்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். எந்தச் சீமை என்று யாரும் கேட்கவில்லை. சீமைக் கருவேலத்தின் சீமை அமெரிக்கக் கண்டம். சீமைத் துரையின் சீமை இங்கிலாந்து. கடலுக்கு அப்பால் இருந்ததெல்லாம் ஒரே நிலம்.

ஆனால் சீமை என்ற சொல்லின் பொருள் எல்லை, எல்லைக்குட்பட்ட நாடு. சிவகங்கைச் சீமை என்று சொல்லும்போது அது நம்முடையது. இதை எனக்கு உறைக்கச் செய்தவர் என்னோடு பள்ளியில் படித்த படகர் நண்பர். அவர்கள் ஊர்கள் நான்கு சீமைகளாகப் பகுக்கப்பட்டவை: தொதநாடு, பொறங்காடு, மேக்குநாடு, குந்தை. ‘எங்க சீமையில ஒரு சாவு’ என்று சொல்லிவிட்டு அவர் விடுப்பு எடுக்கும்போது, அவர் போவது கடல் கடந்து அல்ல, பேருந்தில் நாற்பது நிமிடம். தமிழன் வேற்றிடத்துக்கு வைத்த பெயரை அவர் தம் சொந்த இடத்துக்கு வைத்திருக்கிறார். இன்னும் ஒன்று: படகர் என்ற பெயருக்கு வடக்கத்தியார் என்பதே பொருள் என்பார்கள். வடக்கே மைசூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவார்கள். அந்த வரலாற்றை ஏற்காதவர்களும் அவர்களுக்குள் உண்டு. எப்படியிருந்தாலும், நீலகிரியின் பெருங்குடிகளில் ஒன்று, வேறோர் இடத்தின் திசையைத் தன் பெயராகவே சுமந்துகொண்டு, சுமை தெரியாமல் நடக்கிறது.

பொருள்களின் கதையில் இன்னொரு பழக்கமும் தென்படுகிறது. போர்ச்சுகீசியர் கொண்டுவந்த காய்க்கு நாம் புதுப் பெயர் தேடவில்லை. ஏற்கெனவே அடுப்படியில் இருந்த மிளகின் பெயரைக் கொடுத்து மிளகாய் என்று சேர்த்துக்கொண்டோம். இந்த மலையிலும் அதுதான் நடந்திருக்கிறது. யூகலிப்டஸ் இலையைக் கசக்கி மோந்து பார்த்தவர்கள் கற்பூர மரம் என்றார்கள். வேட்டில் மரத்தின் இலையைப் பார்த்தவர்கள் அது சீயக்காயின் சாயல் என்று சீகை என்றார்கள். இரண்டும் ஆஸ்திரேலிய மரங்கள். இரண்டுக்கும் பழைய உறவினர்களின் பெயர்கள். காய்கறியில் மட்டும் நாம் இன்னும் முடிவுக்கு வரவில்லை. மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோசும் இங்கிலீஷ் காய்கறி. அதே கேரட் சென்னைக்குப் போனால் ஊட்டி கேரட். உருளைக்கிழங்குக்கு எந்த அடைமொழியும் இல்லை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் இந்த மலையில் விதைக்கப்பட்ட அது, வந்த வழியையே மறந்துவிட்டது. தின்றதற்கு அடைமொழி உதிர்கிறது, தின்ன முடியாததற்கு ஒட்டிக்கொள்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பறங்கிக்காய் அந்தக் கணக்கைக் கெடுத்துவிட்டது.

கற்பூர மரத்துக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை நேர்ந்திருக்கிறது. 1840-களில் இந்த மலைக்கு வந்து, விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்ப்பதற்காகப் புல்வெளிகளெங்கும் நடப்பட்ட இந்த மரத்துக்குக் கன்னடத்திலும் தெலுங்கிலும் மராத்தியிலும் இந்தியிலும் பெயர் என்ன தெரியுமா? நீலகிரி. பெங்களூரில் ஒருவர் தம் வீட்டுக்குப் பின்னால் நான்கு நீலகிரி நிற்கிறது என்றால் அவர் மலையைச் சொல்லவில்லை. பாதி இந்தியாவுக்கு இந்த மரம்தான் நீலகிரி. நீலகிரியில் வைக்கப்போகும் பலகையிலோ அது நான்-நேட்டிவ்.

திரும்பியவர்

மேசையில் விட்ட தாளை அப்பா எடுத்துப் படித்திருக்கிறார். அப்பாவைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். இலங்கையில் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், 1950-இல் பிறந்தவர். 1973-இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் இருந்து, அரசு தேயிலைத் தோட்டத்தில் வேலை என்று எழுதிய தாளுடன் இந்த மலைக்கு வந்தவர். அவருடைய தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து இலங்கை போனவர். இந்தப் பகுதியில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம், ஆகவே மேலே விவரிக்கவில்லை.

அன்று மாலை நான் உள்ளே நுழைந்ததும் அப்பா கேட்டார்: “வெளியிலேருந்து வந்த மரங்கள்னு போட்டிருக்கியே, மரம் எப்படிப்பா வரும்? கொண்டாந்தவன் ஒருத்தன் இருப்பான்ல, அவனை எங்க காணோம்?”

ஆங்கிலத்திலும் அவன் இல்லை அப்பா, என்றேன். நான்-நேட்டிவ் என்ற சொல்லை விளக்கினேன். நேட்டிவ் இல்லாதது, அவ்வளவுதான் அதற்குப் பொருள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கோபமில்லாமல், பழைய ரசீது ஒன்றைத் தேடி எடுத்து நீட்டுவது போன்ற குரலில் சொன்னார்: “என்னைய மட்டும் ஒழுங்காவா எழுதினாங்க? தாயகம் திரும்பியோர்னு எழுதினாங்க. திரும்பணும்னா முதல்ல போயிருக்கணும்ல? நான் எங்கப்பா போனேன்? எங்கப்பாவே அங்கதான் பொறந்தாரு.”

இந்தச் சொல்லை நான் ஆயிரம் முறை படித்திருப்பேன். பள்ளிச் சான்றிதழில், வேலைக்கான விண்ணப்பத்தில், வீட்டு இரும்புப் பெட்டியில் கண்டியில் கொடுத்த பாஸ்போர்ட்டோடு சேர்ந்திருக்கும் காகிதங்களில். ஒருமுறைகூட அதை வினைச்சொல்லாகப் படித்ததில்லை. திரும்பு என்ற பகுதிக்கு ஓர் ஆள் வேண்டும், அவன் முன்பே புறப்பட்ட இடம் வேண்டும். இருபத்து மூன்று வயதில் வாழ்க்கையில் முதன்முறையாக இந்தியாவைப் பார்த்த ஒருவரை அந்தச் சொல் ‘திரும்பியவர்’ ஆக்கியது. ஆங்கிலத்தின் இந்தியன்-ஒரிஜினிலும் அதே பொய் இருக்கிறது, ஆனால் அங்கே அதைப் பிடிக்க முடியாது. கோட்டுக்குள் வினை இல்லை. தமிழில் அதை வினையாக்கியதால்தான் ஐம்பது ஆண்டு கழித்தாவது ஒரு கிழவர் அதன் சட்டையைப் பிடித்து, நான் எப்போது போனேன் என்று கேட்க முடிகிறது.

அவரைப் பற்றிய சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இலங்கையின் மக்கள்தொகைக் கணக்கு 1911 முதல் தமிழர்களை இரண்டாகப் பிரித்து, மலையகத்தில் இருந்தவர்களை இந்தியத் தமிழர் என்றது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவாயிற்று. பிறகு பேசியபோது, 1974-இல், அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அங்கே இந்தியத் தமிழராக இருந்த அப்பா இங்கே வந்து இறங்கியதும் சிலோன்காரர் ஆனார். இன்றும் எங்கள் தெருவுக்குப் பெயர் சிலோன் லைன். அங்கே இருந்தவரை இந்தியா அடைமொழி, இங்கே வந்தபின் சிலோன் அடைமொழி. எந்தக் கரையில் நிற்கிறாரோ அதற்கு எதிர்க்கரை அவருடைய பெயரில் ஏறிக்கொள்கிறது.

தமிழில் காலம் தப்பாது என்று இந்த இடத்தில் கொஞ்சம் பெருமைப்பட இருந்தேன். பிறந்த, வந்த, திரும்பிய என்று நம் பெயரெச்சங்களில் காலம் உட்கார்ந்திருக்கிறது. வந்தது முடிந்த கதை என்று இலக்கணமே சொல்லிவிடுகிறது. ஆனால் நம்மிடமும் காலம் கரந்த பெயரெச்சம் ஒன்று இருக்கிறதே, வினைத்தொகை என்று பள்ளியில் ஊறுகாயை உதாரணம் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்களே. புலம்பெயர் தமிழர் என்பது வினைத்தொகை. பெயர்ந்த, பெயர்கின்ற, பெயரும்: மூன்றும் அதற்குள் அடக்கம். காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து இனிது வாழ்ந்த வேற்றுமொழி வணிகர்களைப் பட்டினப்பாலை புலம்பெயர் மாக்கள் என்கிறது. ஆங்கிலத்தின் சிறுகோட்டுக்கு நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டு மூத்த உறவுமுறை இருக்கிறது, கோடு போடாமலே. என் பெருமை அரை நாள்கூட நிற்கவில்லை.

பலகை

அப்பாவின் கேள்வியைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். எளிதாக இருக்குமென்று ஒருமுறை ‘ஆக்கிரமிப்புத் தாவரங்கள்’ என்று எழுதிப் பார்த்தேன். அரசின் கொள்கை ஆவணங்களிலும் செய்திகளிலும் உண்ணிச்செடி (லாண்டானா) முதலியவற்றுக்கு இந்தச் சொல் ஊன்றிவிட்டது. உண்ணிச்செடி காட்டை என்ன செய்திருக்கிறது என்று பார்த்தவர்கள் அதில் பிழை காண மாட்டார்கள். ஆனால் பந்தலூர்ப் பக்கம் என் சித்தப்பா இருக்கிறார். ஜென்மிகள் என்ற பெருநிலக்கிழார்களின் உரிமையை ஒழித்த ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பதினேழாம் பிரிவில் சிக்கிய நிலம் அவருடையது. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் அது. இன்றும் அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ‘செக்‌ஷன் பதினேழு’ என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள். பட்டா கிடையாது. ஒருமுறை ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் அவரை ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று விளித்திருந்தார்கள். சித்தப்பாவுக்கும் உண்ணிச்செடிக்கும் ஒரே சொல்லை என் கையால் எழுத எனக்கு வரவில்லை. இது உணர்ச்சிவசப்பட்ட காரணம் என்று நண்பர் சொன்னார். இருக்கலாம்.

மரங்களுக்காக நான் வாதாடவில்லை. கற்பூரத் தோப்புக்குள் நடந்தவர்களுக்குத் தெரியும், அங்கே சருகு நொறுங்கும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காது. சோலைக்குள் காலடியில் பாசியும் ஈரமும். அங்கிருந்துதான் ஓடைகள் பிறக்கின்றன. அயல் மரங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் சொல்வதும், வனத்துறை வெட்டுவதும் காரணமில்லாமல் இல்லை. வெட்ட வேண்டியதை வெட்டட்டும். வெட்டும்போது அதற்கு என்ன பெயர் சொல்லி வெட்டுகிறோம் என்பதுதான் என் மேசைக்கு வந்த வேலை.

கடைசியாக நான் கொடுத்தது இதுதான்: ‘ஆஸ்திரேலியாவிலிருந்து ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து விறகுக்காக நட்ட கற்பூர மரங்களும், தோல் பதனிடும் பட்டைக்காக நட்ட சீகை மரங்களும் இந்தப் புல்வெளியையும் சோலையையும் மூடிவிட்டன.’ ஐந்து இடங்களிலும் நான்-நேட்டிவ் போயிற்று. முதல் இடத்தில் இந்த நீண்ட வாக்கியம், மற்ற நான்கு இடங்களில் மரத்தின் பெயர் மட்டும். ஆங்கிலத்தில் பன்னிரண்டு வரி, தமிழில் பத்தொன்பது. பலகை ஓர் அடி கூடுதலாக வேண்டும் என்று நண்பர் அலுத்துக்கொண்டார். கூடுதல் அடிக்குப் பணம் இல்லாததால் தமிழ் எழுத்துகளைச் சிறிதாக்கிவிட்டார்கள்.

பலகை வைத்த மறுவாரம் அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பத்தொன்பது வரியையும் வாய்விட்டுப் படித்தார். கொண்டுவந்து, நட்ட என்ற இரண்டு சொற்களில் மட்டும் விரலை வைத்துத் தலையாட்டினார். பிறகு திரும்பி எதிர்ச்சரிவைப் பார்த்தார். அடிவாரம்வரை ஒரே பச்சையாகக் கவாத்து செய்த செடிகள், நடுவில் கொழுந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர்.

“தேயிலையைப் பத்தி ஒண்ணும் எழுதலையேப்பா?” என்றார்.

ஆங்கிலத்தில் இல்லை, என்றேன்.